சூப்பில் கலந்த வெந்நீர்

1

இந்தக் கதை ஒரு பொய் எண்ணிலிருந்து வந்தது. அந்த எண்ணை எழுதியவள் நான்தான். ஜப்பானில், நகானோ மலையடியில் எங்கள் தெருவின் உடல்நலத் தொண்டர் நான். பிப்ரவரியில் வீடு வீடாகப் போய், புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் கருவியை முக்கி, உப்பு எத்தனை சதவீதம் என்று தாளில் குறிப்பேன். தாள் மருத்துவரிடம் போகும்.

2

முதல் தொடக்கம்: "நடுங்கும் விரல்களோடு தொகுஜி அந்தக் காலையில்..." (வேண்டாம். அழ வைக்கப் பார்க்கிறது.)

நேராகவே சொல்கிறேன். எதிர்வீட்டுத் தொகுஜிக்குப் போன அக்டோபரில் பக்கவாதம் வந்தது. இடது கை இன்னும் சரியாகவில்லை. இரத்த அழுத்தம் 178. உப்பைக் குறைக்காவிட்டால் இன்னொரு முறை வரும் என்றார் மருத்துவர். தொகுஜியின் மனைவி சதாயே அளக்கக் கொடுத்த சூப்பில் 0.7 காட்டியது. 0.8-க்குள் இருந்தால் எங்கள் கணக்கில் தேர்ச்சி.

தொகுஜி ஒரு வாய் குடித்தார்.

"என்ன இது, பாத்திரம் கழுவுன தண்ணியா?"

"பேசாம குடிங்க. மிசுஸு அளக்க வந்திருக்கா."

"அவ போனதும் நம்ம சூப்பு வருமா?"

"வரும், வரும்," என்று சதாயே ஊறுகாய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். நானும் சிரித்துக்கொண்டே 0.7 என்று எழுதினேன்.*

* அளக்கும் நாளில் வெந்நீர் ஊற்றாத வீடு எங்கள் தெருவில் இல்லை. என் வீடும்தான். வேலியே பயிரை மேய்ந்தது.

3

சதாயேயைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நேற்று காய்கறிக் கடையில் கேட்டேன்.

"அக்கா, நெஜ அளவு என்ன?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? கை விளங்காத மனுஷன், ருசியாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்காத."

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நாளை மருத்துவர் 0.7-ஐப் பார்த்து, சாப்பாட்டில் குறையில்லை என்று நினைத்துவிடுவார்.

4

முடிவு அ: பனி தள்ளும்போது தொகுஜி விழு— (எழுத மாட்டேன்.)

முடிவு ஆ: தெருவே உப்பைக் குறைத்து, தொண்ணூறு வயதுவரை... (துண்டறிக்கை.)

சன்னலுக்கு வெளியே அவர் இப்போது ஒற்றைக் கையால் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை நின்றுவிட்டார். 0.7-ஐ அடித்து, 'வெந்நீர் கலந்தது' என்று எழுதிவிட்டேன். என் வீட்டு எண்ணுக்கும் அதேதான். தாளை முதலில் சதாயே அக்காவிடம் காட்ட வேண்டும். திட்டுவாள். திட்டட்டும்.

கதையை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் போய் அவர் கையிலிருந்து மண்வாரியை வாங்க வேண்டும்.