அயன்மானிக்குள் ஒரு நூல்

சூரியன் ஓயாமல் துகள்களை வீசிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றில் வரும் மின்னேற்றத் துகள்களை, அதாவது அயன்களை, விண்கலத்தில் இருந்தபடி எண்ணுவதற்கு அயன்மானி என்று ஒரு கருவி உண்டு. அதை நாங்கள் சோதித்தது கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு சாரிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடிக்கலாம். வேலையை எங்களிடம் தந்த ஐரோப்பியர்களும் முதலில் சிரித்தவர்கள்தான்.

கரையோர ரயில் போகும்போதெல்லாம் கட்டிடம் நடுங்கும். அதனால் இரண்டு ரயில்களுக்கு நடுவில்தான் அளவெடுப்போம். சோதனைத் திட்டத்தின் பின்னிணைப்பாக ரயில் நேர அட்டவணையைச் சேர்த்து அனுப்பிய ஆய்வுகூடம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

வேலை செய்தது மூன்று பேர். சோதனைக்காகக் கருவிக்குள் அயன்களைச் சுடும் அயன் துப்பாக்கியை இயக்குவது கிராண்ட்பாஸிலிருந்து வரும் நிஹ்லா. வெற்றிட அறையையும் அதிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பிகளையும் மேய்ப்பது கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் நோபேட். நான் பிரியந்தன், தூய்மைப் பொறுப்பாளன். கருவிக்குள் ஒரு தூசிகூடப் போகாமல் பார்ப்பது என் வேலை. கருவி ஐரோப்பாவுக்குப் போகும்போது கூடவே போய் விண்கலத்தில் பொருத்தும்வரை நிற்பதற்கும் என்னைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். விசா கிடைத்துவிட்டது. பயணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

பொறுப்பு என்று ஒன்று கையில் கிடைத்தால் நான் எப்படிப்பட்டவன் என்று அந்த வருடம்தான் எனக்கே தெரிந்தது. நோபேட்டின் கழுத்தில் கிடந்த அந்தோனியார் மெடலைக் கழற்றவைத்து அவனுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் போடச் சொன்னேன். நிஹ்லாவின் ஸ்காஃபில் நூல் உதிர்கிறது என்று மூன்று தரம் புதிது வாங்கவைத்தேன். எங்கள் தலைவர் கதிர்காமநாதன் சேரையே, நெற்றிச் சந்தனத்தைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று வாசலில் மறித்தேன். போதாததற்கு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்பதாம் விதி: மாசு கொண்டுவந்தவர் இனிமேல் கருவியைத் தொடக்கூடாது.

இவ்வளவும் செய்தவன் தன் வலது மணிக்கட்டில், கையுறைக்கு அடியில், ஒரு காப்பு நூலோடு திரிந்தான்.

அம்மா கேதார கௌரி விரதம் பிடித்து, கோயிலில் வாங்கிவந்து கட்டிய காப்பு அது. இருபத்தொரு நாள் விரதம், இருபத்தொரு முடிச்சு, மேலே நல்ல மஞ்சள் பூச்சு. அடுத்த வருடக் காப்பு வரும்வரை கழற்றக்கூடாது. எதற்காக இந்த முறை இவ்வளவு கடுமையான விரதம் என்று நான் கேட்கவில்லை. விசாவுக்கு விண்ணப்பித்த கிழமையில் தொடங்கியவர் வேறு எதற்காகப் பிடிப்பார்? எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவுக்குப் பயம். கையுறைக்கு மேல் கையுறை போட்டால் போதும் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

கருவியின் இதயம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்த இரண்டு உலோகக் கிண்ணங்கள். இடைவெளி மூன்று மில்லிமீற்றர். கிண்ணங்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், அதற்கேற்ற வேகத்தில் வரும் அயன் மட்டும் வளைந்து போய் எண்ணியில் விழும். மற்றதெல்லாம் சுவரில் முட்டிக்கொள்ளும். இடையில் ஒரு நார் விழுந்தாலும் மின்சாரம் அதன்வழியே பாய்ந்து, வராத அயனையெல்லாம் வந்ததாகக் கணக்குக் காட்டும்.

அன்று காலை பத்தரை ரயில் போனதும் தொடங்கினோம். எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் துப்பாக்கியை நிறுத்திவிட்டு, எண்ணி வெறுமையைக் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். நிஹ்லா நிறுத்தினாள். நான் மின்னழுத்தத்தைக் கூட்டினேன். மூவாயிரம் வோல்ட்டில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

"துவக்கை நிப்பாட்டினனீங்கதானே?" என்றேன்.

"நிப்பாட்டி அஞ்சு நிமிசம்."

"அப்ப இது எங்கயிருந்து வருது?"

"சூரியன்லருந்து நேராவோ என்னவோ," என்றான் நோபேட்.

அறைக்குள் காற்றை விட்டு, திறந்து, கருவியைக் கழற்றுவதற்குள் மத்தியானமாகிவிட்டது. யன்னல்களை மூடி, லைட்டை அணைத்து, புற ஊதா விளக்கைப் பிடித்தேன். அந்த வெளிச்சத்தில் தூசும் நாரும் மின்னும். இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவில் ஒரு நார் நின்றது. பச்சை கலந்த மஞ்சளில் மின்னியது. இடுக்கியோடு வலது கையை நீட்டினேன். சட்டைக் கை மேலே இழுபட, கையுறை சுருண்டு கீழே இறங்க, என் மணிக்கட்டைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு வளையம் மின்னியது.

விளக்கை அணைத்தேன். மற்ற இருவரும் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ட ஸ்காஃப்ல இருந்துதான் வந்தீக்கும்," என்றாள் நிஹ்லா இருட்டில்.

அவளுடைய ஸ்காஃப் என்றால், சவர்க்காரத்தூளில் தோய்த்த துணி என்பதால், நீலத்தில் மின்னும். இப்படி மஞ்சள் நிறத்தில் மின்னுவது காப்பில் பூசிய மஞ்சள்தான். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் கையுறையை மணிக்கட்டுக்கு மேலே இழுத்துவிட்டேன்.

அவள் போய் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். இரண்டு ரயில் போகும்வரை நான் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். வெட்கக்கேடு, ஆனால் இருந்தேன். விசா, விமானம், பனி, எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. அவள் கடதாசியை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, கீழே ஒன்பதாம் விதியையும் குறிப்பிட்டிருந்தாள். இரண்டு வருடமாக அந்தத் துப்பாக்கியைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள் அவள்.

"நோபேட், லைட்டை நிப்பாட்டு," என்றேன். கையுறையைக் கழற்றி, விளக்கை என் மணிக்கட்டில் பிடித்தேன்.

நோபேட் லைட்டைத் திரும்பப் போட்டான்.

"மூணு ஸ்காஃப் வாங்க வெச்சீங்க," என்றாள் நிஹ்லா.

நோபேட் போய், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மெடலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தான்.

அறிக்கையில் அவள் பெயரை வெட்டி என் பெயரை எழுதி, காப்பு நூலைக் கத்தரித்து அதோடு ஒட்டினேன். கதிர்காமநாதன் சேருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

"ஒன்பதாம் விதி ஆர் எழுதினது?" என்றார்.

"நான்தான், சேர்."

"நல்லா எழுதியிருக்கிறீர். நிஹ்லாவை விசாவுக்குப் போடச் சொல்லும்."

வீட்டுக்கு நடந்தேன். அழுகை வந்தது, பிரதான தெருவான காலி வீதி முழுக்கச் சனம், அதனால் அழவில்லை. அம்மா தேங்காய்ப்பால் சொதி வைத்துக்கொண்டிருந்தார்.

"பயணம் இல்லை," என்றேன். "உங்கட காப்பாலதான்." முழுவதையும் சொன்னேன். குத்திக் குத்தித்தான் சொன்னேன்.

அம்மா அடுப்பைக் குறைத்தார். "அம்மன் கண் திறந்திட்டா," என்றார்.

"என்னம்மா?"

"உன்ர அண்ணன் ரெண்டு வருசம் எண்டு வெளிநாடு போனவன். இப்ப பதினொரு வருசம். நீயும் போனா நான் ஆரோட கதைக்கிறது? நீ போகக்கூடாதெண்டுதான் இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாட்டோட இருந்தனான்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவருடைய கழுத்தெலும்பு விரதத்துக்குப் பிறகு இன்னும் துருத்திக்கொண்டிருந்தது. கோபம் இருந்தது, அதைவிடக் கூடப் பாவமாக இருந்தது.

அம்மா சாமித்தட்டில் இருந்து மிச்சக் காப்பு ஒன்றை எடுத்துவந்தார். "கையைக் காட்டு. வெறுங்கையா இருக்கக்கூடாது."

வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"இந்த முறை எதுக்கெண்டு முதல்ல சொல்லுங்கோ," என்றேன்.