திரை கேட்ட சாட்சி

அப்பாவின் வலது கன்னத்தை மழித்து முடித்து, அவள் இடது கன்னத்துக்கு வந்திருந்தாள். தெருவில் பாதிப் பேருக்குச் சவரம் செய்த மனிதருக்குக் கடைசியாகச் சவரம் செய்ய ஓர் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த தெரு சலூன்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "கடையில கூட்டமா இருக்கும்மா" என்றார். இருக்காதா பின்னே? அத்தனையும் அப்பாவை விட்டுப் போன கூட்டம்தானே.

அப்பா கடையின் நடுவில், வாடகைக்கு எடுத்த கட்டிலில் படுத்திருந்தார். வீடு என்பது கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. அங்கே கட்டில் நுழையாது. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடிக்கு மேலே சுவரில் வெளிறிப்போன வட்டம் ஒன்று இருந்தது. டெபாசிட் கம்பெனி கொடுத்த கடிகாரம் மாட்டியிருந்த இடம் அது. "நல்ல கம்பெனி, நானே போட்டிருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா சொன்னதற்குக் கிடைத்த சன்மானம் அந்தக் கடிகாரம் மட்டுமே. தெருக்காரர்கள் போட்ட பணத்தோடு கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு ஓடியதும், அவர் கமிஷன் வாங்கிக் குவித்துவிட்டார் என்று தெருவே பேசியது. முதலில் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்ததும், கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அவர்கள் மேசையில் வைத்ததும் அப்பாதான். அது யார் காதிலும் ஏறவில்லை.

அவள் மட்டும் என்ன ஒழுங்கு? அவளுடைய சேமிப்பும் அந்தக் கம்பெனியோடு போயிற்று. அன்றிலிருந்து "சாப்பாடு வச்சிருக்கேன்", "விளக்க அணைச்சிடுங்க" என்பதைத் தாண்டி அப்பாவிடம் அவள் பேசவில்லை. இன்றைக்குப் பேச எவ்வளவோ இருந்தது. அவர் தாடையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தாள்.

எதிர்ச்சாரியில் சிலர் நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. பார்க்க வந்துவிட்டு, பார்க்காததுபோல் நின்றார்கள். ஒருவரும் சாலையைக் கடக்கவில்லை.

கடந்து வந்தது வெளியாள்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண். கோர்ட்டில் சாட்சிகளுக்கு உதவி செய்கிற பிரிவின் அதிகாரி. அப்பாவுக்கு அடிக்கடி போன் செய்வாள். அந்தப் போனை அப்பா எழுந்து நின்று பேசுவார்.

"திங்கட்கிழமை அப்பா சாட்சி சொல்ல எல்லாம் ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன்மா" என்றாள் அதிகாரி. "தனி வழி, உட்காரத் தனி ரூம், கூண்டுக்குப் பக்கத்துல திரை."

"திரையா? அந்தக் கம்பெனி முதலாளிக்குப் பயந்தா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். 'அவன் முகத்தப் பார்க்க எனக்கென்ன, அவனுக்கு நான் முடிகூட வெட்டினதில்ல'ன்னாரு. ஜனங்க உட்கார்ற பக்கத்தத்தான் மறைக்கச் சொன்னாரு. 'என் கஸ்டமருங்கதான் அங்க இருப்பாங்க. காலம் பூரா கண்ணாடியில பார்த்தே அவங்ககிட்ட பேசிட்டேன். நேருக்கு நேர் பார்த்தா நாக்கு எழாது'ன்னாரு." அதிகாரி கொஞ்சம் சிரித்தாள். "பழகிக்கட்டும்னு ஒருநாள் காலி கோர்ட்டக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். கூண்டுல ஏறினதும் முதல்ல கேட்டதே, 'இங்க கண்ணாடி இல்லையாம்மா'ன்னுதான்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

"இனிமே கேஸ் என்னாகும்?"

"மத்த சாட்சிங்க இருக்காங்க. போலீஸ்ல அப்பா குடுத்த வாக்குமூலமும் இருக்கு. கேஸ் நிக்கும். ஆனா..." அதிகாரி தயங்கினாள். "அவர் சொல்ல ஆசைப்பட்டது அதுல இல்ல."

"எது?"

"எல்லாரும் மன்னிச்சிடுங்கங்கிறது. வாக்குமூலம் எழுதின போலீஸ்காரர் இது கேஸுக்குத் தேவையில்லன்னு விட்டுட்டாராம். ஏமாந்தவங்க ஜட்ஜு முன்னாடி சொந்த வார்த்தையில பேசலாம், அது உங்க உரிமைன்னு நான் சொன்னேன். அன்னிக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு."

சாயங்காலங்களில் காலிக் கடையில் கண்ணாடி முன்னால் நின்று அப்பா முணுமுணுப்பதை அவள் கேட்டிருக்கிறாள். புத்தி பிசகுகிறதோ என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். மனுஷன் ஒத்திகை பார்த்திருக்கிறார்.

"உங்க பணமும்தான் போயிருக்கு" என்றாள் அதிகாரி. "நீங்களும் பேசலாம். கட்டாயமில்ல. பேச முடியலன்னாலும் யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் மீதியிருந்த மீசையோரத்தைச் சரிசெய்யக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் எதிர்வீட்டு டிரைவர் நின்றிருந்தார். இந்தக் கடை வாசலில் எல்லோரையும்விட உரக்கச் சத்தம் போட்டவர். ஓய்வுக்கென்று வைத்திருந்ததை மொத்தமாகத் தொலைத்தவர். முடி காதை மூடி வளர்ந்திருந்தது.

"இந்த நாற்காலியில உட்கார வச்சுத்தான்மா உங்கப்பன் பணம் போடச் சொன்னான்" என்றார். "கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு ஒருத்தன் சொன்னா நம்பாம என்ன பண்றது?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது.

"ஏன்யா என்கிட்ட சொன்னேன்னு ஒரு வார்த்த கேட்கணும்னு இருந்தேன். கோர்ட்டுலயாவது வாயத் திறப்பான்னு பார்த்தேன். அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான்."

"திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வாங்க மாமா" என்றாள் அவள். கண்ணாடியிலிருந்த டிரைவரிடம் சொல்லியிருந்தாள். அது உறைத்ததும் கத்தியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள். நேரில் அவர் இன்னும் கிழவராக இருந்தார். "அப்பா சொல்ல இருந்தத நான் சொல்றேன்."

"நீ என்னத்தச் சொல்லுவ?"

"வந்து கேளுங்க."

அதிகாரி மெதுவாகக் கேட்டாள். "திரை போடச் சொல்லவா?"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. "வேண்டாம்" என்றாள்.

அமரர் ஊர்தி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு இறங்கியவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "தூக்க நாலு பேர் வேணுமே" என்றான். எதிர்ச்சாரியில் எல்லோரும் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ரூல்படி நாங்க இதெல்லாம்..." என்று ஆரம்பித்த அதிகாரி, அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு மூலையைப் பிடித்தாள். ஊர்திக்காரன் ஒன்றைப் பிடித்தான். டிரைவரை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே முன்பக்கம் போய்க் குனிந்தார்.

அவருக்குப் பின்னால், இன்னொரு மூலையை அவள் பிடித்துக்கொண்டு நடந்தாள். முடி வெட்டி முடித்ததும் அப்பா பின்கழுத்தில் கத்தியால் நேராக ஒரு கோடு இழுப்பார். டிரைவரின் கழுத்தில் அந்தக் கோடு இருந்த இடம் தெரியவில்லை. வேறு ஒருத்தர் கையும் படாமல் வளர்ந்த முடி, சட்டைக் காலருக்குள் இறங்கியிருந்தது.