கோணலும் உருண்டையும்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அக்கா போனில் புலம்பிக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதித் துணியில் இது கதை என்று உறைத்தது. மீதித் துணி இன்னும் கட்டிலில் கிடக்கிறது.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"அண்டவெளியின் எல்லையற்ற மௌனத்தில்..." (அக்கா படித்துவிட்டு, "மௌனம் வேணும்னா நீ கொஞ்ச நேரம் பேசாம இரு" என்றாள். அடித்துவிட்டேன்.)

"அவள் கண்கள் நட்சத்திரங்களைப் போல..." (முடிக்கவே கூச்சமாக இருந்தது.)

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வேலை கறை பார்ப்பது.

2

தொலைநோக்கி எடுத்த வானத்துப் படங்களைக் கணினியில் விரித்து, மிக மங்கலான கறைகளைத் தேடுவாள். சில கறைகள் குள்ள விண்மீன் மண்டலங்களாக இருக்கலாம்: பெரிய மண்டலம் ஒன்றின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வாழும், சொற்ப நட்சத்திரங்களே கொண்ட ஏழைச் சொந்தங்கள். சில வெறும் தூசி. சில, தற்செயலாக ஒரே திசையில் தெரிகிற, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நட்சத்திரங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்: துவைத்தும் போகாத டீக்கறை.

எது எதுவென்று தெரிய, இன்னும் பெரிய தொலைநோக்கியில் அந்த நட்சத்திரங்களின் வேகத்தை அளக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேர்ந்து போனால் குடும்பம். ஆளுக்கொரு வேகம் என்றால் பஸ் ஸ்டாப் கூட்டம்.

அந்தத் தொலைநோக்கியில் நேரம் வாங்குவது குதிரைக்கொம்பு. அக்கா முன்பு வாங்கிப் பார்த்த இரண்டு கறைகளும் காலை வாரிவிட்டன. இந்த முறை ஒரே ஒரு கறைக்குத்தான் நேரம். இதுவும் சொதப்பினால் தேடும் வேலையை வேறு குழுவிடம் கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு அந்த வேலை என்றால் உயிர்.

அவள் கையில் ஒரு கறை தயாராக இருந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கோணல்மாணலாக. இரண்டு வருடமாக அதைத்தான் தூக்கிச் சுமந்தாள்.

3

இப்போது ஒரு பாத்திரத்தை அழைத்துவர வேண்டும். அக்காவின் சக ஊழியர், பட்டப்பெயர் கலப்படம். அவர் வேலையே அதுதான். கணினியில் போலிக் கறைகளைச் செய்து நிஜப் படங்களுக்குள் கலந்துவிடுவார். தேடுகிறவர்கள் அவற்றில் எத்தனையைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால், நிஜக் கறைகளில் எவ்வளவு தவறவிடுகிறார்கள் என்பது தெரியுமாம்.*

* நான் இட்டுக்கட்டிய ஆள் என்று என் மனைவி அடித்துச் சொல்கிறாள். கதையில் நான் துணி மடித்தேன் என்பதை மட்டும்தான் அவள் நம்பவில்லை என்று நினைத்தேன்; இவரும் அந்த நம்பாத கணக்கில் சேர்ந்துவிட்டார்.

முதல் பிரதியில் இவரை வில்லனாக்கியிருந்தேன். அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"அவரை ஏன்டா வில்லனாக்கின? டிபன் பாக்ஸ் மூடி திறக்கலைன்னா நான் அவர்கிட்டதான் கொடுக்கிறேன்."

"வில்லன் இல்லாம கதை எப்படிக்கா நகரும்?"

"தப்பு என்னுது. அதையே எழுது."

எழுதுகிறேன்.

4

விதிப்படி, கண்ணில் படுகிற கறை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். போலிகளைக் கணினி பிறகு கழித்துக்கொள்ளும். ஆனால் அக்காவுக்குக் கலப்படத்தின் கைவரிசை அத்துப்படி. அவர் செய்பவை எல்லாம் கச்சிதமான உருண்டைகள். அதனால் உருண்டையாக ஒன்று தெரிந்தாலே, "யார்கிட்ட?" என்று தள்ளிவிடுவாள்.

பெரிய தொலைநோக்கிக்கு எந்தக் கறை என்று முடிவாக அனுப்ப வேண்டிய நாள். மதியச் சாப்பாட்டில் அவரைச் சீண்டினாள்.

"அந்த வலது மேல் மூலை உருண்டை, அடேயப்பா! நீங்க செஞ்சதிலேயே அதுதான் அழகு. ஆனாலும் நான் ஏமாறலையே."

கலப்படம் மெல்லுவதை நிறுத்தினார். "அந்த மூலையில நான் ஒண்ணுமே போடலையே."

(இந்த இடத்தில் முன்பு இடி இடித்தது. எடுத்துவிட்டேன். யாரோ மைக்ரோவேவில் எதையோ தீய விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.)

இருவரும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வேறொரு கேமரா எடுத்த, கலப்படம் கை வைக்காத பழைய படத்திலும் அதே இடத்தில் அதே உருண்டை இருந்தது. அக்கா எனக்குப் போன் செய்தாள்.

5

"கோணலையே அனுப்பு. ரெண்டு வருஷம்க்கா," என்றேன்.

"எனக்கு அதை ஏன் பிடிச்சுது தெரியுமா? இவர் செஞ்ச மாதிரி இல்லைங்கிறதால. வேற காரணமே இல்லடா. இப்ப பார்த்தா தூசி மாதிரியும் தெரியுது."

"அப்ப உருண்டை?"

"பார்த்தாலே எரிச்சலா வருது. ஆனா நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தா அதுலதான் ஏதோ இருக்கு."

உருண்டையை அனுப்பினாள். அனுப்பிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். கோணலுக்கு ஒரு செல்லப்பெயர்கூட வைத்திருந்தாள்; அதை எழுதக் கூடாதென்று உத்தரவு. எனக்கு அன்று அவளை நினைத்து ரொம்பப் பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் எல்லா நட்சத்திரங்களும் சேர்ந்து போகின்றன. கலப்படம் கேக் வெட்டுகிறார். மற்றதில் ஆளுக்கொரு வேகம். அக்கா தன் மேஜையைக் காலி செய்து... (இதற்கு மேல் கை ஓடவில்லை. அவள் என் அக்கா.)

சற்று முன் அவளே கூப்பிட்டாள்.

"ரிசல்ட் வந்துடுச்சு."

"என்னக்கா?"

"சொல்ல மாட்டேன். நீ முதல்ல கதையை முடி."

"இது அநியாயம்!"

"தெரிஞ்சா, எனக்கு ஆரம்பத்துலயே எல்லாம் புரிஞ்ச மாதிரி பின்னாடி போய்த் திருத்திடுவ. அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலடா. தெரியாமத்தான் அனுப்பினேன். நீயும் தெரியாமலே எழுது."

குரலை வைத்து ஊகிக்கப் பார்த்தேன். உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் முந்தைய இரண்டு முறை தோற்றபோதும் இப்படித்தான் பேசினாள். பின்னால் நாலைந்து பேர் குரலும் கோப்பைகள் இடிபடும் சத்தமும் கேட்டன. கொண்டாட்டமாக இருக்கலாம். வழக்கமான டீ வேளையாகவும் இருக்கலாம்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உருண்டை குடும்பமா, பஸ் ஸ்டாப் கூட்டமா என்று இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். உருண்டை ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அடங்காத ஆசை, அதனாலேயே சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்களுக்கும் அந்த ஆசை வந்துவிட்டிருந்தால், தயவுசெய்து கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.