மேல் தெருவில் புகை

என் தையற்கடை வாசலில் ஒரு மேன்ஹோல் இருக்கிறது. மழை வலுத்துப் பெய்தால் அதன் இரும்பு மூடி முதலில் லேசாக ஆடும், அப்புறம் ஓரங்களில் குமிழி விடும், அதற்கப்புறம் ஊர்க் கழிவு மொத்தமும் படியேறிக் கடைக்குள் வந்துவிடும். போன மழையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைத் துணி முழுவதும் அதில் ஊறிப்போயிற்று. துணி போனதுகூடப் பரவாயில்லை, அந்தத் தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. "இன்னொரு தடவை உள்ள வந்துச்சுன்னா கடைய மூடிடு, போதும்" என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் நாத்தனார் கழிவுநீர்த் துறையில் இன்ஜினியர். எங்கள் வட்டாரத்துக் குழாய்கள் எல்லாம் அவள் பொறுப்பு. சொந்த அண்ணி கடைக்குள்ளேயே சாக்கடை வருகிறது, இவள் என்ன கிழிக்கிறாள் என்று தெருவே பேசியது. தெருவை ஏன் சொல்ல வேண்டும், நானே பேசினேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் அவள் பேரில் புகார் மேல் புகார் எழுதிப் போட்டார். எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கைதான். பெரிய குழாய் போட வேண்டும்.

அவள் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. வெயில் காயும் நாட்களில் வந்து மூடியைத் திறந்து பார்ப்பாள். உள்ளே தண்ணீர் அமைதியாக, குழாயில் பாதிகூட நிறையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

"பாருங்க அண்ணி, குழாய் தாராளமா போதும். இது கழிவுக்குப் போட்ட குழாய். மழைத்தண்ணி எங்கேயோ திருட்டுத்தனமா இதுக்குள்ள வருது. அந்த வழியக் கண்டுபிடிக்கணும்."

"அதுக்குள்ள என் கடை மிதந்துடும். பெரிய குழாய் போட்டுட்டு அப்புறம் நிதானமா கண்டுபிடியேன்."

"பெரிய குழாய் போட்டா எல்லாத் தண்ணியும் கீழ இருக்கற பம்ப் ஹவுஸுக்கு ஒரேடியாப் போய் அங்க வழியும். உங்க கடைக்குப் பதிலா வேற யாரோ ஒருத்தர் வீடு. அது பரவாயில்லயா?"

பரவாயில்லை என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

மாமனார், மாமியார், நாத்தனார் எல்லோரோடும் நாங்கள் குடியிருப்பது மேல் தெருவில். கடை இருக்கிற கீழ்த் தெருவிலிருந்து ஒரு மேடு ஏற வேண்டும். அந்த மேல் தெருவில் முக்கால்வாசி வீடுகள் என் மாமனார் கட்டியவை. அவர் கொத்தனார். நடந்து போகும்போது ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் போவார். வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று இருப்பார். சாப்பிட உட்கார்ந்தால் மகளைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"உங்க ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குக் குழாய் போடத் தெரியல. நான் கட்டின வீட்டுல எங்கயாவது தண்ணி தேங்கி நின்னு பாத்திருக்கியா?"

"இல்லப்பா" என்பாள் அவள், சிரித்துக்கொண்டே.

ஒருநாள் புகை விடப் போகிறேன் என்றாள். சாக்கடைக் குழாய்க்குள் புகையை ஊதினால், எங்கெங்கே அந்தக் குழாய்க்கு வாய் இருக்கிறதோ அங்கெல்லாம் புகை வெளியே வருமாம். முந்தின நாள் மேல் தெருவில் வீடு வீடாக அவளே ஏறி இறங்கி, இது நெருப்பு இல்லை, விஷமும் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவள் முதுகு மறைந்ததும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் முகத்துக்கு நேராகவே சிரித்தார். "கொசு மருந்து அடிக்கறதுக்கா இவ்வளவு படிச்ச?"

மறுநாள் காலை தெரு நடுவில் மேன்ஹோல் மூடியைத் திறந்து, குழாயின் இரண்டு பக்கமும் மணல் மூட்டையால் அடைத்து, ஒரு மிஷினை மேலே உட்கார வைத்தார்கள். அது உறுமியது. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். நானும் கடையைத் திறக்காமல் நின்றேன். சிறிது நேரத்தில் வீடுகளின் பின்பக்கம், கழிவறையை ஒட்டி மேலே போகிற காற்றுக் குழாய்களில் மெல்ல வெள்ளைப் புகை எழும்பியது.

"அதுல வரணும், அது சரிதான்" என்றாள் நாத்தனார். "மொட்டைமாடியில மழைத்தண்ணி இறங்கற ஓட்டை இருக்கு பாருங்க, அதுல வந்தாதான் தப்பு."

சொல்லி வாயை மூடவில்லை, முனை வீட்டு மொட்டைமாடியில் மழைக்குழாய் வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தது. கூட்டம் ஓ என்று கத்தியது. கையும் களவுமாகப் பிடிபட்டதைப் பார்க்கிற சந்தோஷம் எல்லோருக்கும். அவள் போய் அந்த வீட்டு வாசலில் சாக்பீஸால் குறி போட்டாள். அடுத்து நீலக் கதவு வீடு. அடுத்து வளைவுப் படிக்கட்டு வீடு. மூன்றாவது குறியைப் போடும்போது அவள் கை ஒரு கணம் நின்றதைக் கவனித்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்றும் மாமனார் கட்டியவை.

மொத்தம் ஏழு வீடுகள். ஏழும் அவருடையவை. மொட்டைமாடித் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் ஒரு சொட்டு வெளியே தெரியாமல், தரைக்கடியில் கொண்டுபோய் அழகாகச் சாக்கடையில் இணைத்திருக்கிறார். அந்த ஏழு மொட்டைமாடியின் மழையும்தான் சரிவில் இறங்கி வந்து என் கடை மூடியைத் தூக்கியிருக்கிறது. கைகட்டி நின்றிருந்த மாமனாரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் வீட்டு மழைக்குழாயில் புகை வரவில்லை. அந்த மட்டும் பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன்.

வளைவுப் படிக்கட்டு வீட்டுக்காரர் அந்த வீட்டைப் பிற்பாடு விலைக்கு வாங்கி வந்தவர். அவருக்கு விவரம் தெரியாது. "எவன் சார் இப்படிச் சேர்த்து வச்சது? அறிவு வேணாம்?" என்று சத்தம் போட்டார். மற்றவர்களுக்கு விவரம் தெரியும். அதனால் தெருவே கப்சிப்பென்று ஆகிவிட்டது.

நாத்தனார் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். "எங்க அப்பாதான் சார் சேர்த்தாரு. இந்த ஏழு வீடும் அவர் கட்டினதுதான். சுத்தமான வேலை, ஆனா சேர்த்த இடம் தப்பு. பிரிச்சுத் தெருவோரத்து மழைநீர்க் கால்வாயில விடணும். நாங்களே செஞ்சு தர்றோம்."

மாமனார் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். சுவர் எதையும் அவர் தொடவில்லை.

அவள் வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். அதுவரை அவளைக் கரித்துக் கொட்டியது சாக்கடைக்காக, இப்போது மாமனாருக்காக. எனக்குக் காரணமா கிடைக்காது?

"பெத்த அப்பாவ நடுத்தெருவுல நிக்க வச்சுட்டியே! யாரோ கொத்தனார்னு சொல்லிட்டுப் போனா உன் வேலையா போயிடும்?"

அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். துடைக்காமலே திரும்பினாள். "மூடி மறைச்சா அந்த ஏழு வீடும் என்னை நம்புமா அண்ணி? அப்பாவுக்காக ஏதோ பூசி மெழுகறான்னு சொல்லி ஒருத்தரும் குழாயத் தொட விட மாட்டாங்க. அடுத்த மழை நேரா உங்க கடைக்குத்தான் வரும். அப்பா பேர காப்பாத்தணும்னா உங்க கடைய மூடணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க, அதையே செய்யறேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. முகத்தில் இருந்தது குழாய்த் தண்ணீர் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாளாக இவளுக்கு வாய்த்த வேலையை நான் வேலையாகவே மதித்ததில்லை. தனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தே அந்த வாசலில் நின்று பேசியிருக்கிறாள். எனக்கு அவள் மேல் அப்போது வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

"ஏழு இல்ல" என்று கதவருகே ஒரு குரல். மாமனார் நின்றுகொண்டிருந்தார். "பன்னெண்டு."

நாத்தனார் புரியாமல் பார்த்தாள்.

"அஞ்சு வீட்டுல புகை வராதும்மா. அதுல டிராப் வச்சிருக்கேன். தண்ணி நிக்கற வளைவு. மொட்டைமாடியில சாக்கடை நாத்தம் வருதுன்னு உங்க அம்மா ஒரே சத்தம். அதனால நம்ம வீட்டுலதான் முதல்ல வச்சேன். அப்புறம் கட்டின நாலு வீட்டுலயும் வச்சேன். முற்றத்துக் குழாயடித் தண்ணி அதுலதான் போகுது, வளைவு எப்பவும் நிறைஞ்சே இருக்கும். நாத்தத்தத் தடுக்கற தண்ணி உன் புகையையும் தடுத்துடுச்சு."

"கடைசியில பழி என் தலையிலயா?" என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துத் தொலைத்தேன், அடக்க முடியாமல். ஆனால் மனசுக்குள் கைகூப்பிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? புகையே காப்பாற்றிவிட்ட மனிதர், தானாக வந்து தலையைக் கொடுக்கிறார்.

"எனக்குத் தோணவே இல்லப்பா" என்றாள் நாத்தனார். "அந்த அஞ்சையும் விட்டிருந்தா, வேலை முடிஞ்சுதுன்னு நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு பெரிய மழையில மறுபடியும் வழிஞ்சிருக்கும்."

"அதான் சொல்றேன். காலையில நம்ம வீட்டுலயே ஆரம்பி."

அப்படியே ஆரம்பித்தார்கள். குழாயடிப் பக்கத்தைச் சாக்கடையிலேயே விட்டுவிட்டு, மொட்டைமாடிக் குழாயையும் முற்றத்து மழைத்தண்ணீரையும் மட்டும் பிரித்து மழைநீர்க் கால்வாய்க்குத் திருப்பினார்கள். அந்தக் கால்வாய் பெயருக்குத்தான் கால்வாய், உள்ளே ஊர்க் குப்பை. நாத்தனாரின் ஆட்கள் அதை மிஷின் வைத்து அள்ளித் தூர்வாரினார்கள். மாமனார் ஒவ்வொரு வீட்டிலும் எந்தக் கல்லைப் பெயர்க்க வேண்டும் என்று காட்டினார், பெயர்த்ததை அவரே திரும்பப் பூசிக் கொடுத்தார். வளைவுப் படிக்கட்டு வீட்டுக்காரர் மட்டும் முற்றத்து டைல்ஸில் கை வைக்க விட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாத்தனார் அவரிடம் வாதாடவே இல்லை. கூட்டிக்கொண்டு வந்து என் கடையில் உட்கார வைத்து, "அண்ணி, போன மழை எதுவரைக்கும் வந்துச்சு, காட்டுங்க" என்றாள். சுவரில் கறை இருந்த இடத்தைக் காட்டினேன். சீருடைத் துணியை எங்கே அடுக்கியிருந்தேன் என்பதையும் காட்டினேன். மனிதர் கறையைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். எழுந்து மேல் தெருவுக்குப் போய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

பன்னிரண்டு வீடும் முடிந்த பிறகு மழைக்காகக் காத்திருந்தோம். நான் மழையை அவ்வளவு எதிர்பார்த்ததும் இல்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை.

ஒரு மத்தியானம் கொட்டியது. துணிகளை எல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டு மூடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாமனார் நனைந்துகொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னாலேயே நாத்தனார். மூடிக்கு அடியில் தண்ணீர் மட்டத்தைச் சொல்கிற ஒரு கருவியைத் தொங்கவிட்டிருந்தாள். அது சொல்வது அவள் போனுக்கு வரும்.

"பாதி" என்றாள்.

மழை இன்னும் வலுத்தது. எதிர்ப்பக்கத்துக் கடை தெரியவில்லை. போன தடவை இந்த நேரத்துக்கெல்லாம் நான் துணியை வாரிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

"பாதிக்குக் கொஞ்சம் மேல." மாமனார் ஸ்டூலை வாசல் பக்கம் நகர்த்தினார். "அங்கேயே நிக்குது." வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி ஆடவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. மழைநீர்க் கால்வாயில் மட்டும் தெளிந்த தண்ணீர் கரைபுரண்டு ஓடியது. "இறங்குது அண்ணி" என்றாள் கடைசியில்.

நான் அவளை ஈரத்தோடு கட்டிக்கொண்டேன். "உங்க அண்ணனக் கட்டினதுல எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் நீதான்டி" என்றேன். இதை அவரிடமும் சொல்லத்தான் போகிறேன்.

மருந்துக்கடைக்காரர் குடையோடு எட்டிப் பார்த்தார். வாசலையும் என் காய்ந்த தரையையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பாத்தீங்களா? நான் விடாம எழுதினதுக்குப் பலன். பெரிய குழாய் போட்டுட்டாங்க!"

நாத்தனார் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமனார் எழுந்துவிட்டார்.

"குழாய் அதே குழாய்தாங்க" என்றார். "பன்னெண்டு வீட்டுல நான் செஞ்ச தப்பு அது. ஊரே கண்டுபிடிக்க முடியாதத எம் பொண்ணு கண்டுபிடிச்சா."

தப்பை ஒப்புக்கொள்கிற மனிதரின் குரலாகவே அது இல்லை. புது வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும்போதுகூட அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்று நான் பார்த்ததில்லை. நாத்தனார் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, திரை எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

மழை விடும்வரை அவர் கடையை விட்டு நகரவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் இதையே முதலிலிருந்து சொன்னார். கால்சட்டை நீளத்தைக் குறைக்க வந்தவர்கூட முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடிந்தது.