கைநாட்டு வைத்த காகிதம்

இரும்புத் தகடு அடுக்கும் அந்தக் கிடங்கில் எல்லாரும் அவரைச் சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் ஓட்டுபவருக்கு அடுக்கின் பின்பக்கம் தெரியாது. கீழே நின்று சங்கு குரல் கொடுப்பார். "இறக்கு... இறக்கு... நில்லு." அந்தக் குரலை நம்பித்தான் மேலே இருப்பவர் கைப்பிடியை அசைப்பார். கீழே வேலை செய்யும் நாலு பேர் கைகால் முழுசாக வீட்டுக்குப் போவதும் அதை நம்பித்தான். ஒருநாள் சாப்பாட்டு மணி பழுதாகி, மேஸ்திரி அவரைக் கூவச் சொன்னார். மூன்று தெரு தள்ளியிருந்த தையல் கம்பெனியிலும் ஆட்கள் சாப்பிட எழுந்துவிட்டார்களாம். இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. முதலில் சளி என்று நினைத்தார். பிறகு படி ஏறினால் மூச்சு இழுத்தது. தம்பிதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் கதவைத் திறந்து, "உங்கள்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார். லாரி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் தம்பி எழுந்து உள்ளே போனான். சங்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"குரல்வளைக் குருத்தெலும்புல புற்றுநோய். ரொம்ப அபூர்வமான வகை" என்றார் டாக்டர். "கதிர்வீச்சுக் கரன்ட் வைக்கிறதுக்கும் மருந்துக்கும் இது அவ்வளவா மசியாது. வெட்டி எடுக்கறதுதான் வைத்தியம். மெதுவாத்தான் வளரும். இப்பவே எடுத்தா, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துட்டுப் பேச்சைக் காப்பாத்தப் பாக்கலாம்."

தம்பி பயந்துபோனான். கத்தி பட்டால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று லாரி ஆபீசில் பேசிக்கொள்வார்கள். பீடியைக்கூடத் தொடாத அண்ணனுக்குத் தொண்டையில் இந்த நோய் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? இதைக் கேட்டால் அண்ணன் உடைந்துபோவாரே. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டாக்டர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுக்கச் சொன்னார். வெளியே இன்னும் ஏழெட்டு நோயாளிகள் காத்திருந்தார்கள்.

தம்பி ஒரு காகிதத்தோடும் மைப்பெட்டியோடும் வந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா வீக்கம். மருந்து வாங்கறதுக்குக் கைநாட்டு வேணுமாம்."

சங்கு சிரித்துக்கொண்டே கட்டைவிரலை அழுத்தினார்.

பதினாலு மாதம் ஒரு நாட்டு மருந்துக்காரர் கொடுத்த பொடியைத் தேனில் குழைத்துத் தின்றார். ஒருநாள் அவர் சொன்ன "நில்லு" மேலே போய்ச் சேரவில்லை. தகடு ஒருவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. யாரும் திட்டவில்லை. மறுநாள் மேஸ்திரி அவரை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துப் பெட்டிகளுக்குப் பெயர்ச் சீட்டுக் கட்டச் சொன்னார்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கறாரானவர். "எழுத்துத் தெரியாம சீட்டுக் கட்டினா ஆணிப் பெட்டியில போல்ட்டு இருக்கும். உக்காரு, சொல்லித்தரேன்" என்றார். நாற்பத்தாறு வயதில் சங்கு 'அ' போட்டார். தகட்டைவிட அது கனமாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் தம்பி முன்னால் எதையாவது சடசடவென்று வாசித்துக்காட்டி அவன் வாயைப் பிளக்கவைக்க ஆசை.

ஒரு விடுமுறை நாள். கிடங்கு அடையாள அட்டைக்கு ஒட்டப் பழைய போட்டோ வேண்டுமென்று தகரப் பெட்டியைக் குடைந்தார். ஆஸ்பத்திரிப் பை கையில் வந்தது. மேலாக இருந்த காகிதத்தில் ஒரு நீலக் கட்டைவிரல். தகடு கிழித்த தழும்பு குறுக்கே ஓடியது. அவர் விரல்தான். சரி, வாசித்துப் பழகலாம் என்று எழுத்துக்கூட்டினார்.

"எனக்கு... அறுவை... சிகிச்சையில்... சம்மதம்... இல்லை."

மூன்று முறை வாசித்தார். எழுத்தில்தான் தப்போ என்று பார்த்தார். தப்பில்லை. நோயின் பெயரும் மேலே இருந்தது.

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த மனைவி, அவர் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தம்பிதாங்க சொல்ல வேணாம்னுச்சு. நீங்க நிம்மதியாத் தூங்கட்டும்னு..."

"நான் தூங்கினேன். உள்ள இருந்தது தூங்கலையே."

தம்பி வந்தான். காகிதத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்தான். "அண்ணே, உங்க நல்லதுக்குத்தான்."

சங்குவின் குரல் காற்றாகத்தான் வந்தது. அதைக் கேட்க இருவரும் கிட்டே வர வேண்டியிருந்தது. "எட்டு வருஷம் மூட்டை தூக்கி உன்னைப் படிக்க வச்சேன்டா. எனக்குப் படிச்சுச் சொல்லுவேன்னு."

அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது தம்பிக்கு.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இந்த முறை சங்குவிடமே பேசினார். "குருத்தெலும்பு வளையத்துல பாதிக்கு மேல பிடிச்சிருச்சு. குரல்வளை முழுசாப் போகணும். கழுத்துல துளை வழியாத்தான் மூச்சு. உயிருக்கு நல்ல நம்பிக்கை இருக்கு. இந்த வகை வந்த நிறையப் பேர் பல வருஷம் நல்லா இருக்காங்க. திரும்ப வருதான்னு விடாம வந்து பாத்துக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு உங்களைக் கூப்பிட்டு நானே சொல்லியிருக்கணும். படிச்சவங்க யாருன்னு கேட்டேன். நோயாளி யாருன்னு கேக்காம விட்டுட்டேன்."

நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினார். சங்கு அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். முழுக் காகிதத்தையும் வாசித்தார். அரைமணி நேரம் ஆனது. எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு தன் பெயரைச் சீட்டு எழுத்தில் பெரிதாக எழுதினார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அதே பெஞ்சு. கழுத்துத் துளையை மெல்லிய துணி மூடியிருந்தது. மடியில் ஒரு நோட்டும் பென்சிலும். வீட்டில் மனைவிக்கு அதில் ரெண்டு வரி, மூணு வரி எழுதுவார். தம்பிக்கு என்று இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. தம்பி ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். வெளியே காத்திருந்த தன் அம்மாவிடம், "ஒண்ணுமில்லம்மா. சும்மா வீக்கம்" என்றார். கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

சங்கு சட்டென்று நிமிர்ந்தார். வாய் திறந்தது. சத்தம் இல்லை. நோட்டை எடுத்து எழுதித் தம்பியிடம் நீட்டினார்.

'எனக்குப் பதிலா உள்ள போய்ப் பேசினவன் நீதானே. இப்பவும் போய்ப் பேசு.'

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நோட்டோடு எழுந்துபோய் அந்த மகனைத் தூணோரம் கூப்பிட்டான்.

"சார், நானும் வீக்கம்னுதான் சொன்னேன். அங்க பாருங்க, எங்க அண்ணன். பேசிக்கிட்டு இருக்க வேண்டிய மனுஷன் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்காரு. அந்தக் குரலைக் கெடுத்தது நான். நோய் யாருக்கோ, அவங்ககிட்டதான் முதல்ல சொல்லணும் சார். வெட்டலாமா வேணாமான்னு முடிவெடுக்கறதும் அவங்கதான். பாசம்னு நெனைச்சு மறைச்சேன். நான் செஞ்சது துரோகம்."

அந்த மகன் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "வீக்கத்துக்கு ஏன்டா உன் மூஞ்சி இப்படி இருக்கு? உக்காரு. உள்ளதைச் சொல்லு."

தம்பி திரும்பி வந்தான். சங்கு கையை நீட்டினார். கையைப் பிடிக்க அல்ல, நோட்டை வாங்கிக்கொள்ளத்தான்.