பச்சை ஃபியட்டின் பின்னிருக்கை

ஒரு வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், முன்னிருக்கையில் அமரப்போகும் ஒருவரே வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார். பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு அமரப்போகும் மற்றவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த அநியாயம் பிறர் வீட்டில் நடந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். 1964ஆம் ஆண்டு, அல்சூரில், என் வீட்டிலேயே நடந்தது. நடத்தியவன் என் மகன்.

சேஷகிரி விமானத் தொழிற்சாலையில் பொறியாளன். காலை ஆறே முக்காலுக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால், மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவான். அவனுக்கும், நாங்கள் அலமேலு என்று அழைக்கும் என் மருமகள் அலர்மேல்மங்கைக்கும் குழந்தைகள் நால்வர்: ஒன்பது வயதுக் கோமளம், ஏழு வயதில் ஒரு பையன், நான்கு வயது வரதன், எட்டு மாதக் கைக்குழந்தை. மூன்று குழந்தைகள் இருந்தவரையில் ஒரு ஜட்காவில் எப்படியோ அடங்கினோம். நான்காவது பிறந்த பிறகு, மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணம் என்றாலும் இரண்டு ஜட்கா பிடிக்க வேண்டியதாயிற்று. ஆனேக்கலில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு ஓராண்டாக யாரும் போகவில்லை. ஆகவே, கார் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

சேஷகிரி மூன்றாண்டுகளுக்கு முன்பே ஒரு ஹெரால்டு காருக்குப் பதிவு செய்திருந்தான். மாத இறுதிக்குள் வந்து வண்டியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. அழகான வண்டி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கதவுகள் இரண்டு.

“ரெண்டே கதவுன்னா பின்னாடி உக்கார்றவா எப்படிடா ஏறறது?” என்று கேட்டேன்.

“முன்சீட்டை மடிச்சுண்டு ஏறணும்ப்பா. அதுதான் அதுல சௌகரியம். வண்டி ஓடறச்சே குழந்தைகள் பின்கதவைத் திறந்துட முடியாது பாருங்கோ.”

“ஓட்டப்போறது யார்?”

“எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே. டிரைவர் வெச்சுக்கலாம். மதலைமுத்துன்னு ஒருத்தன் இருக்கான், ரொம்ப நிதானமா ஓட்டுவான்.”

நான் மனத்துக்குள் அவரவரை அமர்த்திப் பார்த்தேன். ஓட்டுநரும் சேஷகிரியும் முன்னால். நான், அலமேலு, நான்கு குழந்தைகள், ஆக அறுவர் பின்னால். விமானத்தின் எடையைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கு இந்தக் கணக்கு எப்படித் தோன்றாமற்போனது என்று எனக்கு விளங்கவில்லை.

அலமேலு கூடத்து வாயிலில் பால் பாத்திரத்துடன் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் ஏன் பேசவில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும்.

ஜோகுபாளையத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், டெஸ்மண்ட் என்னும் ஆங்கிலோ இந்தியர் இருந்தார். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி நோரா. அவர்களிடம் பச்சை நிற ஃபியட் ஒன்று இருந்தது. அந்த நோராவிடம் தையல் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லி, அலமேலு நான்கு மாதங்களாக, நாள்தோறும் பத்து மணிக்குக் கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். பதினொரு மணிக்கு முகம் மலர்ந்து திரும்பிவருவாள். நான்கு மாதத்தில் அவள் தைத்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு தலையணை உறை. அதுவும் கோணல்.

“என்னம்மா, தையல் மெதுவா நடக்கறாப்பல இருக்கே?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அது கார் ஓட்டும் லைசென்ஸ். ஒரு வாரத்துக்கு முன்தான் வாங்கியிருந்தாள். அந்த உறையும் ஃபியட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் தலையணைக்காகத் தைத்ததாம். அது இல்லாமல் அவளுடைய கால் பிரேக்குக்கு எட்டாது.

“அவர்கிட்ட இன்னும் சொல்லலைப்பா. நீங்க சொல்லுங்கோளேன்.”

“நான் சொன்னா மாமனார் சிபாரிசு ஆயிடும். உன் விஷயத்தை நீதான் சொல்லணும்.”

“யாரைக் கேட்டுண்டு கத்துண்டேன்னு கேப்பார்.”

“கேட்டா கேக்கட்டுமே. கேள்வி கேட்டுத்தான் அவன் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினான்.”

அவள் சிரித்தாள், ஆனால் சொல்லவில்லை. இந்த நிலையில்தான் ஹெரால்டுக்குக் கடிதம் வந்தது. அதே வாரத்தில், டெஸ்மண்டும் நோராவும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் குடிபெயர்வதென்று முடிவுசெய்து, ஃபியட்டை விற்கப்போவதாகவும் சொன்னார்கள். அலமேலுவுக்காக அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பதாக நோரா வாக்களித்திருந்தாள். அதற்குப் பிறகு, கேட்டுக்கொண்டிருக்கும் வேறொருவருக்கு வண்டி போய்விடும். வீட்டுக்கு ஹெரால்டும் மதலைமுத்துவும் வந்துவிட்டால், என் மருமகள் தன் வாழ்நாள் முழுவதும் பின்னிருக்கையில் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவளுடைய லைசென்ஸ் புடவைத் தலைப்பிலேயே கிடந்து நைந்துபோகும்.

நோரா சொன்ன கெடுவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சேஷகிரி தன் நண்பர் ஒருவரின் ஹெரால்டை மதலைமுத்துவோடு வரவழைத்து, எங்களை லால்பாக்குக்கு அழைத்துச் சென்றான். முன்னிருக்கையை மடித்து, எங்களை ஒவ்வொருவராகப் பின்னால் ஏற்றினார்கள். எழுபது வயதை நெருங்குகிற என்னைக் கடைசியாக ஏற்றினார்கள். கோமளம் என் மடியில். வரதன் அவள் மடியில். சேஷகிரி முன்னால் இருந்து, “எவ்வளவு ஸ்மூத்தா போறது பாருங்கோ” என்று கண்ணாடி வழியாக இரண்டு முறை சொன்னான்.

லால்பாக் வாயிலை நெருங்கும்போது வரதன், “குமட்றது” என்றான். வண்டி நின்றது. சேஷகிரி இறங்கினான்; இருக்கையை மடிக்க முயன்றான்; அது மடிவதற்குள் எல்லாம் என் வேட்டியின்மேல் நிகழ்ந்துவிட்டது.

“புது வண்டி வாசனைப்பா. பழகிடும்” என்றான் என் மகன்.

நான் வழக்கமாகக் கோபத்தை அடக்குகிறவன் அல்லன். ஆனால் அன்று ஈர வேட்டியோடு நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமலேயே சொன்னேன்: “சேஷகிரி, நம்ம டெஸ்மண்ட் வண்டியை விக்கறாராம். அடுத்த ஞாயித்துக்கிழமை அதையும் ஒருதரம் பாத்துடு. அப்பறம் உன் இஷ்டம்.”

அவன் என் வேட்டியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

மறு ஞாயிறு டெஸ்மண்டே ஃபியட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். வைட்ஃபீல்டில் இருக்கும் தம் தமக்கை கேத்தரினிடம் விடைபெற்றுவரப் புறப்பட்டிருந்தார்; எங்களையும் உடன் வரச் சொன்னார். சேஷகிரி முன்னால் அமர்ந்தான். நாங்கள் நான்கு கதவுகளுள் பின்கதவு இரண்டையும் திறந்து, மனிதர்களைப் போல ஏறினோம். பழைய மதராஸ் சாலையில் புளியமரங்களின் நிழலில் வண்டி ஒரே சீராகப் போயிற்று. சேஷகிரி, “பழைய வண்டின்னு தெரியறது” என்று தமிழில் எனக்கும், “நைஸ் கார்” என்று ஆங்கிலத்தில் டெஸ்மண்டுக்கும் சொன்னான்.

கேத்தரின் வீட்டு வாசலில் திராட்சைக்கொடியின் கீழே எங்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். திரும்பும் நேரம் வந்ததும், டெஸ்மண்ட் சாவியை எடுத்து அலமேலுவிடம் நீட்டினார்.

“நான் இன்னிக்கு சிஸ்டர் வீட்லயே தங்கிடறேன். நீ வண்டி எடுத்துட்டுப் போ அலமேலு. நாளைக்கு நோராகிட்ட குடுத்துடு.”

சேஷகிரி சாவியையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தான். டெஸ்மண்டுக்கு அவனுடைய திகைப்பு புரியவில்லை.

“பயப்படாதீங்க மேன். உங்க மிஸஸ் என்னைவிட நல்லா ஓட்டும். நோரா சொல்லிக் குடுத்து அழாம கத்துக்கினது இவ ஒருத்திதான். எங்க பொண்ணுகூட அழுதிச்சி.”

டெஸ்மண்ட் உள்ளே போனார். சேஷகிரி மிகவும் தணிந்த குரலில் கேட்டான்.

“எத்தனை நாளா?”

“நாலு மாசமா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“பின்ன குழந்தையை யார் பாத்துண்டாங்கறேள்?”

அவன் என்னைப் பார்த்தான். நான் திராட்சைக்கொடியைப் பார்த்தேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அலமேலு.”

“கேட்டா வேண்டாம்பேள். அதான் கேக்கலை. சொல்லாம இருந்தது தப்புதான்.” அவள் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இந்த வண்டி வேணும். காரணம் கேட்டா நூறு சொல்லலாம். குழந்தைகள் ஸ்கூல், ஆஸ்பத்திரி, ஆனேக்கல்ல அம்மா. எல்லாம் நிஜம்தான். ஆனா எனக்கு ஓட்டப் பிடிச்சிருக்கு. அதைத்தான் முதல்ல சொல்லணும்.”

ஒருவன் ஹெரால்டின் நிறத்தில் மயங்கினால் அதற்கு இந்த உலகம் காரணம் கேட்பதில்லை. ஒருத்தி பிரேக்கில் கால்வைக்க விரும்பினால் மட்டும் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. இதை நான் அங்கேயே உரக்கச் சொல்லியிருப்பேன். அலமேலு நன்றாகவே பேசிக்கொண்டிருந்ததால் குறுக்கிடவில்லை.

சேஷகிரி தனக்கு எஞ்சியிருந்த ஒரே வாதத்தை எடுத்துவைத்தான்.

“சரி, நீ ஓட்டறே. இதுல நாலு கதவு இருக்கு. பின்னாடி குழந்தைகள் கதவைத் திறந்துட்டா? கைக்குழந்தையை யார் வெச்சுக்கறது?”

“நீங்கதான்” என்றாள் அலமேலு.

வேறு வழியில்லை. எனக்கு முழங்கால் மடங்காது. ஆகவே முன்னிருக்கை எனக்கு. சேஷகிரி பின்னால் நடுவில் அமர்ந்தான். மடியில் கைக்குழந்தை, இடப்பக்கம் வரதன், வலப்பக்கம் மற்ற இருவர். அலமேலு தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து, கண்ணாடியைத் திருத்தி, வண்டியைக் கிளப்பினாள்.

முதல் இரண்டு மைல் தூரம் சேஷகிரி, “பாத்து”, “மாடு”, “பஸ்” என்று ஒற்றைச் சொற்களாகவே பேசினான். அவள் மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உரிய வழியை விட்டாள். கிருஷ்ணராஜபுரத்துக்கு அருகே, சுமை ஏற்றிய மாட்டுவண்டியை ஓட்டிவந்த முதியவர் ஒருவர், பெண் ஓட்டுவதைக் கண்டு எருதுகளை நிறுத்திவிட்டே பார்த்தார். அவள் கன்னடத்தில், “தாத்தா, இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் மாடு தானாகவே போய்விடப் போகிறது” என்று சொல்லிக்கொண்டே கடந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தது வெகுதூரம் கேட்டது.

அதற்குப்பின் சேஷகிரி சாலையைப் பார்க்க நேரமில்லாதவன் ஆனான். கைக்குழந்தை அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்தது. இரண்டாமவன் கோமளத்தைக் கிள்ளினான். வரதன் சன்னலோரமாகச் சாய்ந்துகொண்டு, முகம் வெளுத்து, “அப்பா, குமட்றது” என்றான்.

“அலமேலு, நிறுத்து.”

அவள் ஓரமாக நிறுத்தினாள். சேஷகிரி வரதனின் பக்கத்துக் கதவைத் திறந்தான். பையனைப் பிடித்துக்கொண்டே குனியவைத்தான். எல்லாம் சாலையோரப் புல்லிலேயே முடிந்தது. யார் மடியும் நனையவில்லை. யாரும் இறங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவன் பையனின் வாயைத் துடைத்துவிட்டு, திறந்த கதவைப் பார்த்தான்.

“ஹெரால்டுல பின்னாடி கதவே இல்லையே” என்றான், புதிதாகக் கண்டுபிடித்தவனைப் போல.

கடிதம் வந்த நாளிலிருந்து நான் சொல்லிவந்த செய்தி அது. கண்ணாடியில் அலமேலுவின் கண்கள் என்னைப் பார்த்தன. பேச வேண்டாம் என்று கெஞ்சின. என் ஆசிரியப் பணியில்கூட நான் அவ்வளவு பொறுமை காத்ததில்லை.

வண்டி மறுபடி நகர்ந்தபோது, சேஷகிரி குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தான். நடுவில் உட்கார்ந்தால் கால் எங்கே வைப்பது என்று கேட்டான். பின்னால் இவ்வளவு நெருக்கடி என்று நீங்கள் ஏன் இதுவரை சொல்லவில்லை என்று என்னையும் கேட்டான். ஒரு காலைத் தரையின் நடுவிலுள்ள மேட்டுக்கு இப்புறமும் மற்றொரு காலை அப்புறமும் வைக்க வேண்டும் என்று கோமளம் அவனுக்கு விளக்கினாள். வரதன் அவன் கைமேல் தலைவைத்துக் கண்ணயர்ந்தான்.

“நாளைக்கு நோராவைப் பாக்கறச்சே, வண்டியை நாமே எடுத்துக்கறோம்னு சொல்லிடு” என்றான் சேஷகிரி. “ஹெரால்டு வேண்டாம்னு நானே எழுதிப் போட்டுடறேன். மதலைமுத்துகிட்டயும் சொல்லணும். பாவம், இந்த வேலைக்குன்னு பேன்ட் தெச்சுண்டுட்டான்.”

அலமேலுவின் கைகள் ஸ்டியரிங்கில் சற்றே தளர்ந்ததை நான் பார்த்தேன்.

அல்சூர் ஏரியின்மேல் மாலை வெயில் சாய்ந்திருந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனை வந்தது. அலமேலு திரும்பாமல் நேரே போனாள்.

“எங்கே போறே?” என்று கேட்டான் சேஷகிரி.

“சும்மா. ஏரியை ஒரு சுத்து.”

காற்று சன்னல்கள் வழியாகக் குளிர்ந்து வந்தது. கரையோரம் துணி உலர்த்தியிருந்தவர்கள் அவற்றை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று முடிந்து, மீண்டும் எங்கள் தெருமுனை வந்தது. அலமேலு வேகத்தைக் குறைத்துக் கையை வெளியே நீட்டினாள்.

“திரும்பாதே” என்றான் பின்னிருக்கையிலிருந்து என் மகன், மிக மெதுவாக. “குழந்தை இப்பதான் தூங்கறது. வண்டி நின்னா முழிச்சுக்கும். இன்னொரு சுத்து போ.”