மாப்பிள்ளை அழைப்பு வண்டி

"இனி அந்த வீட்டுப் பேச்சை நீ எடுக்கப்படாது."

"எடுக்கல."

"எடுக்க மாட்டேன்னு சொல்லு."

"எடுக்க மாட்டேன்."

பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் பால்ச்சாமியும் மாரிக்கனியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அன்று மாரிக்கனியின் அண்ணன் பாண்டிச்செல்வம் புதுவீடு பால் காய்ச்சினான். பட்டாளத்தில் இருந்த பால்ச்சாமி அதற்காகவே லீவு போட்டு, மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். பந்தியில் உட்காரும் முன் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் வரைக்கும் பேர் இருந்தது. வீட்டு மாப்பிள்ளை பேரைக் காணோம். அச்சகத்தில் விட்டுப்போச்சு என்று பாண்டிச்செல்வம் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் பதறிப்போய், "நீங்க வருவியன்னு நெனைக்கல மாப்ள" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான். இலை போட்டபடி கிடக்க, பால்ச்சாமி எழுந்துவிட்டார்.

மாரிக்கனி வாக்குத் தவறவில்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அவள் அப்புறம் போனதே இல்லை. ஆடிப்பூரத் தேரன்று கூட்டத்துக்குள் அண்ணியைப் பார்த்தால் நாலு வார்த்தை பேசுவாள். அண்ணன் மகள் கல்பனா மட்டும் எப்போதாவது போனில் கூப்பிடுவாள்.

இப்போது அந்தக் கல்பனாவுக்குத்தான் கல்யாணம். வருகிற வியாழக்கிழமை முகூர்த்தம். பத்திரிகையைப் படம் எடுத்து மாரிக்கனியின் போனுக்கு அனுப்பிவிட்டு, கூடவே குரலிலும் பேசி அனுப்பியிருந்தாள். "அத்தை, அப்பாவுக்கு நேர்ல வந்து வைக்கணும்னுதான் ஆசை. மாமா வாசல்லயே நிக்க வச்சிருவாவளோன்னு பயப்படுதாவ. நீங்கதான் மாமாவக் கூட்டிட்டு வரணும்."

மாரிக்கனி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மாமன்மார் வரிசையில் முதல் பேரே ஹவில்தார் பால்ச்சாமி என்றுதான் இருந்தது. எட்டு நாளாக அந்தப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடந்தாள். சொல்ல வாயெடுப்பாள். பஸ்ஸில் கொடுத்த வாக்கு வந்து நிற்கும். வாயை மூடிக்கொள்வாள்.

இந்த நேரம் பார்த்து அவருக்குக் கார்ப் பைத்தியம் பிடித்திருந்தது.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் எதையாவது செய்யட்டும் என்றுதான் அவளும் இருந்தாள். தளவாய்புரத்தில் ஒரு தோப்புக்குள் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய கான்டசா கார் ஒன்றைப் பால்ச்சாமி கண்டுபிடித்தார். நம்பரைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டாராம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த அதே வண்டி. நீண்ட மூக்கும் விரிந்த தோளுமாகப் பயில்வான் மாதிரி இருக்கும் அந்த வண்டியைத்தான் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்யாணத்துக்கெல்லாம் வாடகைக்குப் பிடிப்பார்கள். லாரியில் ஏற்றிவந்து, தென்காசி ரோட்டில் டிங்கர் வேலை பார்க்கும் அசன் முகம்மதுவின் பட்டறையில் இறக்கினார். அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

அசன் முகம்மது பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட, பானட்டுக்கு அடியில் சிவப்பு வந்தது. முன்கதவில் நீலம். பின்கதவில் சந்தனக் கலர். பானட் ஒரு வருஷத்து மாடல், பம்பர் இன்னொரு வருஷத்தது. முன்னால் இருக்கும் இரண்டு விளக்குகளுக்கும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. டிக்கியில் 1.8 என்று பிற்கால மாடலின் எழுத்து மின்னியது. பானட்டைத் தூக்கினால் உள்ளே பழைய அம்பாசிடர் வகை எஞ்சின் ஒன்று அப்பாவியாக உட்கார்ந்திருந்தது. இடிபடும்போதெல்லாம், கையில் கிடைத்த கான்டசாவிலிருந்து கழற்றிக் கழற்றி மாட்டியிருந்தார்கள். இதில் எது அன்றைக்கு இருந்தது, எது பிறகு வந்தது?

பால்ச்சாமி வீட்டுக் கல்யாண ஆல்பம் இருந்தால் பார்க்கலாம். அது என்றைக்கோ பட்டாளக் குவார்ட்டர்ஸ் ஒழுகலில் நனைந்து ஒரே கட்டியாக ஒட்டிப்போனது. அதனால் பால்ச்சாமி அந்தக் காலத்தில் கல்யாணம் முடித்தவர்கள் வீடு வீடாக ஏறினார். சேத்தூர் ராஜரத்தினம் வீட்டு ஆல்பத்தில் வண்டியின் முன்முகத்துக் கிரில் கட்டம் கட்டமாக இருந்தது. அதற்கு அடுத்த மாதம் கல்யாணம் முடித்தவர் வீட்டிலோ குறுக்குக் கம்பியாக இருந்தது. இன்னொரு வீட்டில் வண்டியே நீலம். அவரவர் ஆல்பம்தான் சரி என்று அவரவர் சண்டைக்கு வந்தார்கள். ராஜரத்தினத்தின் மனைவி ஒரு படி மேலே போய், "வண்டியை நல்லா ஞாபகம் வச்சிருக்கிய, பொண்ணை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு அனுப்பினாளாம்.

"மிலிட்டரி, நானும் முப்பது வருசமா டிங்கர் பாக்கேன். ஒரு வண்டிக்கு இம்புட்டு மூஞ்சிய இப்பத்தான் பாக்கேன்" என்றார் அசன் முகம்மது.

பால்ச்சாமி வீட்டுக்கு வந்து மாரிக்கனியைக் கேட்டார். கல்யாணம் முடிந்து அவளும் அந்த வண்டியில்தானே வந்தாள்? அவளுக்கு மடியில் கிடந்த மாலைதான் ஞாபகம் இருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி முழங்காலில் இடித்தது. அதைச் சொன்னாள். அதையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு ஆல்பம் போட்டார்கள், ஒன்று பெண் வீட்டுக்கு. அது பாண்டிச்செல்வம் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இது பால்ச்சாமிக்கும் தெரியும். ஊரெல்லாம் ஏறி இறங்கும் மனுஷன் அந்த ஒரு வீட்டை மட்டும் வாயால்கூடச் சொல்லவில்லை. மாரிக்கனிக்கு அங்கேதான் தலை சுற்றியது. நான் கேட்கட்டும் என்று காத்திருக்கிறாரா? இல்லை, அப்படி ஒரு வீடே இல்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாரா? பகை இருக்கிறவர் கல்யாண வண்டியை எதற்காகத் தேடிப் பிடித்தார்? ஆசை இருக்கிறவர் ஏன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை? சோறு வைக்கும்போது முகத்தைப் பார்ப்பாள். அவர் குழம்பில் கையை வைத்துக்கொண்டு, "கட்டமா கம்பியா மாரி?" என்று கேட்பார்.

வெள்ளிக்கிழமை பெயிண்ட் அடிக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் எந்த முகம் என்று முடிவு சொல்லுங்கள் என்று அசன் முகம்மது கெடு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போன மாரிக்கனி, கல்பனாவைப் போனில் கூப்பிட்டாள். கல்யாணப் பேச்சு எதுவும் பேசவில்லை. மாமாவுக்கு வேணும், அந்த ஆல்பத்தில் கார் தெரிகிற படத்தையெல்லாம் அனுப்பு என்று மட்டும் கேட்டாள். வாளியில் பாதித் துணி மிச்சம் இருக்கும்போதே மூன்று படங்கள் வந்து விழுந்தன. அவரிடம் பேசமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தோம், அவளிடம் பேசினால் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு சமாதானம் ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் சோற்றுத்தூக்கோடு பட்டறைக்குப் போனாள். சுரண்டிப்போட்ட வண்டி நாலு நிறத்தில் நின்றது. போனை எடுத்துப் பால்ச்சாமியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்க வாய் திறந்தவர், கேட்கவில்லை.

முதல் படத்தில் வண்டி நேர் முன்னால் நின்றது. கட்டமும் தெரியவில்லை, கம்பியும் தெரியவில்லை. முகம் முழுக்கச் செவ்வந்திப் பூவால் மூடிக் கிடந்தது. இரண்டாவதில் பக்கவாட்டு. முன்கதவு ஒரு வெள்ளை, பின்கதவு இன்னொரு வெள்ளை. கல்யாணத்தன்றே வண்டி நாலு வண்டியாகத்தான் இருந்திருக்கிறது. அசன் முகம்மது எட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தேடியா இரண்டு மாதம் அலைந்தீர்கள் என்று சிரித்தார்.

மூன்றாவது படம் பின்பக்கமிருந்து எடுத்தது. முன்னால் மேளக்காரர்கள். பின்கண்ணாடி வழியாக மாப்பிள்ளையின் தலைப்பாகை தெரிந்தது. டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், தலையைக் கவிழ்த்து நின்றான்.

அசன் முகம்மது போனை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். சட்டையெல்லாம் ஈரம், குதிகால் தரையில் இல்லை, சைலன்சரில் புகையும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "எஞ்சின் ஓடல மிலிட்டரி. இந்த ஆளு தள்ளிட்டு வாரான்."

"நிக்கலியே. வண்டி எங்கயும் நிக்கவே இல்லையே" என்றார் பால்ச்சாமி. "மேளத்துக்காக மெதுவாப் போகுதுன்னுல்லா நெனச்சேன்."

"நின்னது தெரியப்படாதுன்னுதான் தள்ளியிருக்கான். மாப்பிள்ளை அழைப்பு வண்டி நடுவழில நின்னா சும்மா விடுவாவளா? சகுனம், அது இதுன்னு பேசிருவாவல்ல."

அந்த ஆள் யார் என்று பால்ச்சாமி கேட்கவில்லை. பிடரியில் விழுந்த சுருட்டை முடியைப் பார்த்ததுமே அது அண்ணன்தான் என்று மாரிக்கனிக்குத் தெரிந்துவிட்டது. பால்ச்சாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். பாங்கு கேட்டது. அசன் முகம்மது கையைத் துடைத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார்.

பட்டறையில் இரண்டு பேரும் தனியே நின்றார்கள். தூக்கில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பால்ச்சாமி போய் டிக்கியைத் தொட்டுப் பார்த்தார், கையை எடுத்தார். எந்தக் கதவை மாட்டச் சொல்வது, எந்த வெள்ளை அடிக்கச் சொல்வது, இப்போது ஒன்றுமே விளங்கவில்லை என்று அவளிடம் சொல்வதுபோலவும் தனக்குள் சொல்வதுபோலவும் முனகினார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். கோபமா, கேள்வியா, வேறு ஏதாவதா? இருபத்தெட்டு வருஷம் பார்த்த முகம்தான். அவளால் படிக்க முடியவில்லை.

படிக்கக் காத்திருந்தால் வியாழக்கிழமை போய்விடும். மாரிக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன்னு சொன்ன பேச்சைத்தான் எடுக்கேன்" என்றாள். நிறுத்தினால் மறுபடி வராது என்று நிறுத்தாமல் சொன்னாள். "வியாழக்கிழமை கல்பனாவுக்குக் கல்யாணம். என்னைய எங்கண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."